ஒன்றரை ஷிப்ட் கரண்ட்

மனித உடம்புக்கும் எர்த் வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். லேசான சந்தேகம் இல்லை, முழு நம்பிக்கை. உடம்புக்குள் போன கரண்ட் வெளியே வர வழி இல்லாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும், தங்கியது நாளுக்கு நாள் சேரும், சேர்ந்தது ஒருநாள் பக்கத்தில் இருப்பவரை அடிக்கும் என்பது என் விஞ்ஞானம். ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க, சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் முன்பு செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயடி ஈரத்தில் வெறுங்காலோடு நின்றேன். போதாததற்கு இரும்புக் கேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். உள்ளே தொட்டிலில் கைக்குழந்தை கிடந்தது. அதைத் தூக்கும் முன் சுத்தமாகக் காலியாகிவிட வேண்டும் என்று எனக்கு எண்ணம்.

திருப்பூர் மண்ணரையில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. பக்கத்து வாசல்களில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். என் மனைவி மரகதம் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, கேட்டு என்ன ஓடியா போயிருது? புடிச்சுட்டே நிக்கறீங்க?"

"கரண்டு எறங்கட்டும் இரு."

"எறங்கறத அப்படியே உள்ள கொண்டாங்க. ஊட்டுல லைட்டு போயி அரைமணி நேரமாச்சு."

இப்படிப்பட்ட விஞ்ஞானியைத்தான் திருப்பூரில் ஓர் எலும்பு டாக்டர், நோயாளிகளுக்குக் கரண்ட் வைக்கும் வேலையில் சேர்த்திருந்தார். அதே பிசியோதெரபி அறையில் உதவியாளனாக இருந்து, தலை நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இதுவரை யாரையும் நான் அடிக்கவில்லை. மரகதம் என்னை அடிக்க வந்தது வேறு காரணங்களுக்காக.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் காவ்யா. பிசியோதெரபி படித்துவிட்டு எங்கள் அறையில் வேலை பழகிய பெண். இப்போது பெரிய இடத்தில் இருக்கிறாள். போன மாதம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுபோய்த் தன் இடத்தைக் காட்டினாள். ஒரு எக்ஸ்போர்ட் முதலாளி கறுப்பாக ஈரச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். சட்டை முழுக்க வயர். வயர் முடிகிற இடத்தில் பெட்டி. அதை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் போதுமாம், ஜிம்முக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு அதுவே உடற்பயிற்சியாம். முதலாளிக்கு அந்த இருபது நிமிடமும் இல்லை. காதில் போன்.

"கன்டெய்னர் கெளம்பிருச்சுங்களா? கெளம்பி... ஹ்ஹ்க்... கெளம்பிருச்சுங்களா?"

பெட்டி துடிக்கும்போதெல்லாம் கன்டெய்னர் தொண்டையில் சிக்கிச் சிக்கி நின்றது.

"உங்க காலத்துல எல்லாம் இப்படி அவசரப்பட மாட்டாங்க இல்லீங்களா சார்?" என்று கேட்டாள் காவ்யா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரத்துக்குக் கரண்ட் வைப்பதைத் திருப்பூருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை கண்ணு என்று சொல்லி, மயில்சாமி கதையைப் பாதி சொன்னேன். அதற்குள் அவளுக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார். மீதிப் பாதிக்காக இந்தக் கட்டுரை.

முதலில் நான் அங்கே போய்ச் சேர்ந்த விதம். எண்பதுகளின் பிற்பாதி. பனியன் கம்பெனிகளுக்கு மோட்டார் வைண்டிங் செய்யும் கடையில் இருந்தேன். காயில் கருகிய மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து, திரும்ப ஓட வைப்பது வேலை. ஆஸ்பத்திரியில் கரண்டுக்குப் பயப்படாத ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒரு சின்ன அறையில் எஸ்தர் மேடம் உட்கார்ந்திருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், மெட்ராஸில் பிசியோதெரபி படித்தவர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. அவர் முன்னால் ரேடியோ மாதிரி ஒரு பெட்டி.

"கரண்டுக்குப் பயம் உண்டா?"

"கரண்டுதாங்க மேடம் நம்மளப் பார்த்துப் பயப்படோணும்."

"அப்படியா? கைய நீட்டும்."

நீட்டினேன். முழங்கைக்குக் கீழே ஈரத் துணி சுற்றிய பேனா போன்ற ஒன்றை வைத்து, பெட்டியில் ஒரு திருகைத் திருகினார். என் நடுவிரல் என்னைக் கேட்காமல் நிமிர்ந்தது. மறுபடி படுத்தது. மறுபடி நிமிர்ந்தது. கருகிய மோட்டார் எத்தனையோ ஓட வைத்திருக்கிறேன். என்னையே ஒருத்தர் ஓட வைத்தது அன்றுதான்.

"மேடம், இது யாரு கைங்க?" என்று கேட்டுவிட்டேன். வேலை கிடைத்தது.

பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதம் துணி துவைத்தேன், மடித்தேன், உப்புத் தண்ணீர் கலக்கினேன், தசைகளின் பெயர்களை மரகதம் எதிரில் சத்தம் போட்டுப் படித்து அவள் தூக்கத்தைக் கெடுத்தேன். எஸ்தர் மேடத்திடம் கற்றதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. நோயாளியின் மோதிரம், வளையல், அரைஞாண் கயிற்றில் தொங்கும் தாயத்து எல்லாம் முதலில் கழற்றப்படும். அப்புறம் சோப்பும் வெந்நீரும். பனியன் கம்பெனி ஆட்களின் கையில் எண்ணெயும் பஞ்சும் சாயமும் ஒன்றாகப் பூசியிருக்கும். அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போக, கரண்டைக் கூட்ட வேண்டிவரும். கூட்டினால் தோல் சுடும். அதனால் தோல் இளஞ்சிவப்பாகும்வரை கழுவச் சொல்வார். பிறகு எட்டாக மடித்த துணிப் பட்டையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, சுருக்கமில்லாமல் கட்ட வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் அவிழ்த்துவிடுவார். "உம்ம கல்யாண வேட்டிய இப்படியா கட்டினீரு?"

அடுத்தது ருசி பார்ப்பது. ஒவ்வொரு நாளும் முதல் ஆளுக்கு வைப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியை என் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். "ரசத்துக்கு உப்பு பாக்காம எவளாவது எலையில ஊத்துவாளா? பாரும்" என்பார். திருகு ஜீரோவில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடமாட்டார். நோயாளிக்குக் கேட்கும்படி "ஜீரோ" என்று வாயால் சொல்ல வேண்டும். தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை. அவர் சொல்வது ஆமென் சொல்வது போலவே இருக்கும்.

அறைக்குள் சொல்லக்கூடாத சொல் ஒன்றும் இருந்தது. கரண்ட். "எறும்பு ஊருற மாதிரி இருக்கும், அப்புறம் கடிக்கும், கடிச்சா சொல்லும்" என்று மட்டும்தான் சொல்வார். நான் அந்த விதியை மீறி ஒரே ஒருமுறை வாயைத் திறந்தேன். சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தொடை வற்றிப்போய் வந்திருந்தார். மனைவி கூட நின்றார். தொடையில் பட்டையைக் கட்டிக்கொண்டே நான் ரொம்ப ஆதரவாக, "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சமா கரண்ட் வெப்போம்" என்றேன்.

அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது.

"கரண்டு வெக்கறதுங்களா? என்ற ஊட்டுக்காரருக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது! முட்டிதானுங்க மடங்கறதில்ல!"

"ஐயோ, அந்தக் கரண்டு இல்லீங்க..."

"வேண்டாமுங்க. எந்திரிங்க நீங்க. எந்திரிங்கறேன்."

நடக்க முடியாமல் வந்தவர் நல்ல வேகமாகவே நடந்து போனார். தொடையில் கட்டிய பட்டையோடு பஸ் ஏறிவிட்டார். எஸ்தர் மேடம் வெறும் மேசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்ல. ஒரு வார்த்தையில ஆள நடக்க வச்சிட்டீரே." பட்டையை மறுவாரம் தறிக்காரரே கொண்டுவந்து கொடுத்தார், துவைத்து மடித்து. கூடவே காலையும் கொடுத்தார். மேடம் எறும்புக் கதை சொல்லி வைத்துவிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த என்னைத் தூங்கவிடாமல் செய்தவர்தான் மயில்சாமி.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயில்சாமி மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாற்பது வயதுக்குள். அடுக்கு அடுக்காக விரித்த துணியின் மேல் அச்சு வரைந்து, நின்றபடி ஓடும் கட்டிங் கத்தியைத் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. கை ஒரு நூல் பிசகினால் அடுக்கு முழுதும் பாழ். ஆனி மாதத்தில் மங்கலம் ரோட்டில் மொபெட்டோடு விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பார்த்தால் மணிக்கட்டு தொங்கியது. எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியிருந்தது. உள்ளங்கையைக் கீழே வைத்துக் கையைத் தூக்கச் சொன்னால், வாடிய வெற்றிலை போலத் தொங்கிக்கொண்டே இருந்தது. விரல் மடங்கும், விரியாது. கத்தியின் பிடியைப் பிடிக்கலாம், நிமிர்த்தித் தள்ள முடியாது.

முதல் நாள் அவருடைய முதலாளியே காரில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர்தான். மறைக்காமல் பேசினார்.

"மேடம், நம்ம மாஸ்டர் மாதிரி ஒரு கை கெடையாதுங்க. பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்குள்ள கை வந்துட்டா டேபிள் இவருதுதான். வல்லீன்னா என்ற மச்சினன் கத்திக்கு நிக்கறான். அவன நிறுத்துனா அப்புறம் எறக்க முடியாதுங்க, ஊட்டுல சண்ட வந்துரும்."

மயில்சாமி பக்கத்தில் நின்று "சரீங்க, சரீங்க" என்றார். எங்கள் கொங்கு நாட்டில் இந்தச் 'சரீங்க'வை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒப்புக்கொண்டாலும் அதுதான், ஒப்பாவிட்டாலும் அதுதான். தெற்கத்தி மேடத்துக்கு அது அப்போது தெரியாது.

மேடம் பரிசோதித்தார். நல்ல நரம்பு உள்ள தசையைப் படபடவென்று துள்ள வைக்கும் ஒரு வகைக் கரண்ட் உண்டு. அதை வைத்தால் மயில்சாமியின் முன்கை சும்மா கிடந்தது. விட்டுவிட்டு, நீளமாகத் தரும் இன்னொரு வகையை வைத்தார். ஒவ்வோர் அங்குலமாகத் தேடி, முழங்கைக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் பேனாவை அழுத்தியதும் தோலுக்கடியில் மண்புழு நெளிவது போல மெதுவாக ஓர் அசைவு. மணிக்கட்டு ஓர் இழை உயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் தீக்குச்சியால் ஊதா மருந்து தொட்டு ஒரு புள்ளி வைத்தார்.

மயில்சாமி அந்தப் புள்ளியையே பார்த்தார். துணியில் அச்சு பார்ப்பவர் இல்லையா?

"இந்தப் பாயிண்டுதானுங்களா?"

"இதுதான். தெனமும் இங்கன கொஞ்ச நேரம். நடுவுல நடுவுல ஓய்வு. மத்த நேரம் கைய இந்த ஸ்பிளிண்டுல நிமித்திக் கட்டியே வைக்கணும்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவுங்க?"

"தசை களைக்கிறதுக்கு முன்னால நிறுத்திருவோம்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரில் யாரும் வேலையை மணிக்கணக்கில் சொல்லமாட்டார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் மாலை வந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரைவரை நின்றால் ஒன்றரை. சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கினால் இரண்டு. ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போகிறவனை உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். இந்த ஊர்க்காரர் தன் கைக்கு நாளெல்லாம் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான் வேலை என்றால் எப்படித் தாங்குவார்?

ஒரு மாதம் நன்றாகப் போனது. புழு நெளிவு தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. மயில்சாமி ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மேடம், ஒண்ணரை ஷிப்ட் வெச்சா பாதி நாள்ல வந்துருமில்லீங்க?"

மேடம் சிரித்தார். "நரம்பு இல்லாத தசை பச்சப்புள்ள மாதிரி மாஸ்டர். அத ஓவர்டைம் பாக்கச் சொல்லுவீரா?"

"சரீங்க" என்றார் மயில்சாமி.

தீபாவளி நெருங்கியபோது பெட்டியின் வயர் ஒன்று முனையில் அறுந்தது. மெட்ராஸிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டாம், வைண்டிங் செய்த கை சும்மாவா இருக்கிறது என்று நானே பற்றவைத்தேன். ருசி பார்த்தேன், சரியாக இருந்தது. நாலைந்து நாள் கழித்து மயில்சாமிக்கு வைக்கும்போது புழு சோம்பியது. திருகைக் கொஞ்சம் கூட்டினேன். நெளிந்தது. மறுநாள் இன்னும் கூட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள், வழக்கமான அளவைத் தாண்டியும் லேசான ஒரு நடுக்கம்தான். மயில்சாமி என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் மோட்டார் காயில் கருகும் நாற்றம் வந்தது. பற்றவைத்த இடத்தில் ஏதோ தப்பு. அதன் வழியாக மெயின் கரண்ட் அப்படியே போய் மாஸ்டர் நரம்பைக் கருக்கிவிட்டது. வைண்டிங் கடையில் காயில் கருகினால் வேறு காயில் சுற்றலாம். கட்டிங் மாஸ்டருக்கு எந்தக் கடையில் கை சுற்றுவது?

பயந்தவன் செய்வது எல்லாம் செய்தேன். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். சோமனூரில் என் மச்சான் தறிக்குடோனில் ஆள் எடுப்பார்களா என்று சும்மா கேட்பது போலக் கேட்டு வைத்தேன். பெட்டியை என் கையில், காலில், கன்னத்தில் எல்லாம் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் சரியாகக் கடித்தது. ஆனால் எனக்கு என் உடம்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. அது என் பக்கம் பேசத்தானே செய்யும்! வேண்டாதவர் ஒருவரின் சாட்சி வேண்டும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், எதிர் பாய் கடையில் அப்போதுதான் அறுத்த கோழியின் காலைச் சுடச்சுட வாங்கி வந்தேன். மேசையில் வைத்தேன். உப்புத் தண்ணீர்ப் பட்டை கட்டினேன், சுருக்கமில்லாமல். மேடத்தின் பழக்கம் விடவில்லை, "ஜீரோ" என்று கோழிக் காலிடம் சொன்னேன். திருகினேன். கால் என்னை உதைத்தது. நிஜமாகவே உதைத்தது. நான் பின்னால் போய் உப்புத் தண்ணீர்ச் சட்டியில் உட்கார்ந்தேன்.

வாசலில் எஸ்தர் மேடம் டிபன் கேரியரோடு நின்றிருந்தார்.

"தங்கவேலு, அவருக்கு ஓபி சீட்டுப் போட்டாச்சா?"

நனைந்த பேண்டோடு எழுந்து நின்று அழுகிற குரலில் சொன்னேன். "மேடம், மயில்சாமி கைய நான் எரிச்சுட்டனுங்க."

"எப்ப?"

"வயரு பத்தவெச்ச அன்னைக்குங்க."

"எரிஞ்சா தோலு கொப்புளிக்கும்லா? எங்கன கொப்புளம்?"

கொப்புளம் எங்கும் இல்லை. மேடம் வயரை வாங்கிப் பார்த்தார், தன் கையில் வைத்துப் பார்த்தார். "மெஷினு நல்லாத்தான் இருக்கு. கோழியும் சர்டிபிகேட் கொடுத்திட்டு. அப்போ மாஸ்டர்ட்டதான் ஏதோ இருக்கு. நாளைக்கு நான் கழுவுதேன்" என்றார். திட்டவில்லை. சாப்பிட்டீரா என்று மட்டும் கேட்டார். அன்று அவர் கேரியரிலிருந்து எனக்கும் சோறு போட்டார். அந்தச் சோற்றின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை. நனைந்த பேண்டோடு சாப்பிட்ட சோறு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை மயில்சாமி வந்தார். மேடமே சோப்பு போட்டுக் கழுவினார். ஊதாப் புள்ளிக்கு ஒட்டினாற்போல் நீல நிறத்தில், நான் கழுவும்போது கவனிக்காமல் விட்ட, பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த சின்ன V ஒன்று இருந்தது. ரொம்ப நேர்த்தியான V.

"இது யாரு போட்டது?"

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "நாட்சுங்க."

மேடத்துக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வெட்டிய துணியில் எங்கே எதைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று தையல்காரருக்குத் தெரிவதற்காகக் கட்டிங் மாஸ்டர் ஓரத்தில் ஒரு வெட்டு வைப்பார். அதற்குப் பெயர் நாட்ச். அடுத்த கைக்குப் போகிற துணிக்குத்தான் நாட்ச் வைப்பார்கள்.

"மாஸ்டர், இது எந்த டேபிளுக்குப் போகுதுங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பொழுதோட அவிநாசி ரோட்டுல இன்னொரு எடத்துல வெக்கறனுங்க. அங்க இருக்கறவருக்கு நம்ம பாயிண்டு சட்டுனு சிக்க மாட்டீங்குது. அதுக்குத்தான் மார்க் பண்ணி உட்டனுங்க. காலையில இங்க ஒரு ஷிப்ட். பொழுதோட அங்க அரை. நிறுத்தாம வெக்கச் சொல்லி நாந்தானுங்க கேட்டுக்கிட்டேன். கட்டுன ஸ்பிளிண்டையும் கழட்டிட்டுத்தான் போவேனுங்க. இல்லாட்டி இங்கயும் பாக்கறது அவருக்குத் தெரிஞ்சு போயிருமில்லீங்க."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாச்சுங்க."

"நான் அன்னைக்கு வேண்டாம்னு சொன்னப்போ சரின்னுதானே சொன்னீரு?"

"சரின்னு சொன்னனுங்க மேடம். செய்யறேன்னு சொல்லலீங்க."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கோபத்தில் பாதி நிம்மதி, பாதி கோழி. ஆனால் மயில்சாமியின் கண் கலங்கியிருந்தது. "பொங்கலுக்கு ரெண்டு மாசந்தானுங்க இருக்குது. டேபிள் போயிட்டா நான் வேலைக்குச் சேந்த புதுசுல மாதிரி மறுக்கா துணி மடிக்கத்தான் போகோணும். என்ற பையனுக்கு முன்னால எப்படீங்க மடிச்சுட்டு நிக்கறது?"

அப்போது எஸ்தர் மேடம் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பேருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அவர் தமிழில்தான் அது நன்றாக இருக்கும்.

"மாஸ்டர், நல்லா கேட்டுக்கிடும். இந்தப் பெட்டி நரம்ப வளக்காது. நரம்பு மேல்கையில இருந்து அதுவா வளந்து வந்துக்கிட்டு இருக்கு, தெனமும் நூலளவு. நாம எத்தன ஷிப்ட் ஓட்டினாலும் அது அவசரப்படாது. அது வந்து சேர்றதுக்குள்ள தசை வத்திப் போயிராம, மூட்டு எறுகிராம பாத்துக்கிடுதோம், அவ்வளவுதான். ஊருக்குப் போனவரு திரும்பி வாறவரைக்கும் வீட்டுல வெளக்கு ஏத்தி வைக்கிற வேலை நமக்கு. நீரு வீட்டையே கொளுத்தப் பாக்கீரு."

மயில்சாமி கேட்டார். "வருமுங்களா?"

"வந்தாத்தான் தெரியும். வராதுன்னும் சொல்ல முடியாது, வரும்னும் சொல்ல மாட்டேன்."

பொய்யாகவாவது வரும் என்று சொல்லக்கூடாதா என்று எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது. அந்த வார்த்தையின் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் 'வரும்' என்று சொன்ன நாட்களில் எல்லாம் நோயாளிகள் கேள்வி கேட்காமல் நம்பியதற்குக் காரணம், தெரியாத நாட்களில் அவர் அப்படிச் சொல்லாததுதான். என்னிடம் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று காவ்யா போன்ற பிள்ளைகளை யாராவது கேட்டால், அதை மட்டும் சொன்னால் போதும் எனக்கு. அதுவும் என்னுடையதில்லை, மேடத்துடையது.

பிறகு மேடம் கொடுத்த வைத்தியம் லீவு. அந்த வாரம் முழுக்கக் கரண்ட் கிடையாது. ஸ்பிளிண்ட் மட்டும். மயில்சாமிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆனாலும் தினமும் காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அட்டெண்டன்ஸ் போடாமல் அவரால் இருக்க முடியவில்லை. சும்மா இருக்கவும் தெரியவில்லை. எங்கள் துணிப் பட்டைகளை எல்லாம் இடது கையால் நீவி, விளிம்புக்கு விளிம்பு சரியாக மடித்து அடுக்கினார். எட்டு மடிப்பு அத்தனை சுத்தமாக அந்த அறையில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வாரம் கழித்து வைத்தபோது புழு பழைய அளவிலேயே நெளிந்தது. அவிநாசி ரோட்டு அரை ஷிப்ட் நின்றுவிட்டது. என் வயர் குற்றவாளி இல்லை என்று மேடம் கேட்காமலே இரண்டு முறை சொன்னார். எனக்கு அது தேவைப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மார்கழிக் கடைசி. அடுத்த வாரம் பொங்கல். முதலாளியின் மச்சினன் கத்தி பழக ஆரம்பித்துவிட்டான் என்று மயில்சாமியே சொன்னார். அன்று காலை பட்டையைக் கட்டி, பேனாவைக் கையில் எடுத்து, "ஜீரோ" சொல்லிப் பெட்டியை ஆன் செய்தேன். திருகைத் தொடும் முன்பே ஊரெல்லாம் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது. பக்கத்துக் கம்பெனியில் மெஷின்களின் இரைச்சல் ஒரே அடியாக ஓய்ந்தது. பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீக்கடையிலிருந்து ஆள் வந்து மயில்சாமி முன்னால் டம்ளரை வைத்தார். அவர் பேச்சுவாக்கில் வலது கையை நீட்டினார். மணிக்கட்டு மேசையிலிருந்து எழுந்தது. அரை அங்குலம் இருக்கும். நின்றது. விழுந்தது.

நான் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். என் கரண்டுதான் எப்படியோ போகிறது என்று பயம்.

"கரண்டே இல்லியேங்க தங்கவேலு" என்றார் மயில்சாமி.

மேடம் எழுந்து வந்தார். "மாஸ்டர், இன்னொரு தடவ தூக்கும்."

தூக்கினார். டம்ளரை யாரும் தொடவில்லை. மயில்சாமி தன் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். மேடம் வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

பொங்கலுக்கு முன்தினம் முதலாளி வந்து பார்த்தார். மணிக்கட்டு நிமிர்ந்தது, பிடியில் பலம் இல்லை. மாசி வரைக்கும் மச்சினனைப் பொறுக்கச் சொல்கிறேன் என்றார். வீட்டில் சண்டை வந்ததாம், பொறுத்துக்கொண்டார். மாசியில் மயில்சாமி கத்தியைப் பிடித்தார். வலது கட்டைவிரல் மட்டும் முழுதாக விரியவே இல்லை. அதோடுதான் கடைசிவரை கட்டிங் போட்டார், ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட்.